பழைய டீசல் வண்டியில வார்னிங் லைட்: நாமே பாக்கறதா, மெக்கானிக்கா, ஸ்கேனரா, கம்பெனியா?

"தம்பி, வண்டியில மஞ்ச லைட்டு ரெண்டு எரியுதுப்பா, யார்கிட்ட விடச் சொல்றே?" கானாடுகாத்தான் ஆச்சி போன்ல கேட்டது இவ்வளவுதான். வண்டி 2009 இன்னோவா டீசல். மகன் குடும்பம் சென்னையில, வண்டி வீட்டுப் பின்னால செட்டுல நிக்கும், பொங்கல், படைப்பு (முன்னோருக்குப் படையல்), சொந்தத்துல கல்யாணம்னு வருஷத்துக்கு நாலஞ்சு தடவை வெளிய எடுப்பாங்க. அடுத்த வாரம் பள்ளத்தூர்ல ஒரு சாந்தி (அறுபது, எழுபது வயசு நிறையற விசேஷம்), அதுக்குள்ள வண்டி ரெடியாகணும். மகன் "கம்பெனியில விடுங்க ஆத்தா"ங்கறார், டிரைவர் "நம்ம மெக்கானிக்கே பாத்துருவாரு ஆச்சி"ங்கறார், பக்கத்து வீட்டுப் பையன் ஆன்லைன்ல ஸ்கேனர் வாங்கிரலாம்ங்கறான். மூணு பேர் சொல்றதும் தப்பில்ல, ஆனா மூணும் வேற வேற லைட்டுக்கான பதில்.

எங்கிட்ட இருக்கறது 2012 ஸ்விஃப்ட் டீசல். மாருதி டீசல் வண்டி விக்கறதையே 2020 ஏப்ரலோட நிறுத்திட்டாங்க, அதனால இருக்கற வண்டிய ஒழுங்கா பாத்துக்கறதுதான் வழி. இந்த வண்டியில தப்பான ஆள்கிட்ட தப்பான லைட்டுக்கு போயி காசு போனது, சரியான ஆள்கிட்ட போயி நூறு இருநூறுல முடிஞ்சது ரெண்டும் நடந்திருக்கு. அதை வச்சுத்தான் இதை எழுதறேன்.

## எதை வச்சு முடிவு பண்றது

முதல் விஷயம், வண்டி நகரலாமா கூடாதா. சிவப்பு லைட் எரிஞ்சா அது யார்கிட்ட போறதுங்கற கேள்வியே இல்ல, ஓரமா நிறுத்தற கேள்வி. ஆயில் லைட் (எண்ணெய்க் குடுவை படம்) ஓடும்போது எரிஞ்சா அடுத்த ஊர் வரைக்கும் போயிரலாம்னு நினைக்கவே கூடாது, இன்ஜினை உடனே ஆஃப் பண்ணணும், பேரிங் போனா ஐநூறு ரூபா ஆயில் வேலை இன்ஜின் வேலையா மாறிரும். டெம்பரேச்சர் சிவப்பும் அப்படித்தான். மஞ்சள் லைட்னா பெரும்பாலும் மெதுவா ஓட்டிட்டுப் போயி காட்டற அளவுக்கு நேரம் இருக்கு, ஆனா மஞ்சள் செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மினுக்குனாலோ பிக்கப் செத்துப் போனாலோ அதுக்கு மேல இழுக்க வேண்டாம்.

ரெண்டாவது, வண்டிக்குள்ள பேசறதுக்கு கம்ப்யூட்டர் இருக்கா இல்லையான்னு. இதை யாரும் கேக்கறதே இல்ல. பழைய இண்டிகா, குவாலிஸ், சுமோ மாதிரி மெக்கானிக்கல் பம்ப் வண்டியில லைட்டுங்கறது ஒரு ஸ்விட்ச், ஒரு வயர், ஒரு பல்பு, அவ்வளவுதான். அதுல ஸ்கேனர் மாட்ட இடமே இருக்காது, இருந்தாலும் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது. காமன் ரெயில் வண்டிங்க, அதாவது ரெயில்ங்கற ஒரே பொதுக் குழாய்ல டீசலை அழுத்தத்துல வச்சு கம்ப்யூட்டர் அளந்து விடற வண்டிங்க (ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இன்னோவா, பின்னாடி வந்த இண்டிகா விஸ்டா மாதிரி), கோளாறை ஒரு நம்பரா, அதாவது கோடா (code), குறிச்சு வச்சிருக்கும். ஆனா அதுலயும் ஒரு சிக்கல், சென்னையில பிஎஸ் 4 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வந்தது 2010 ஏப்ரல்ல, நாடு முழுக்க கட்டாயமானது 2017 ஏப்ரல்ல, நடுவுல வாங்குன வண்டி எந்த ஊர்ல ரிஜிஸ்டர் ஆச்சுங்கறதப் பொறுத்து அதே மாடல் பிஎஸ் 3யாவும் இருக்கலாம் பிஎஸ் 4ஆவும் இருக்கலாம். பிஎஸ் 3 வண்டியில சின்ன ஸ்கேனர் பாதி விஷயத்தைத்தான் படிக்கும், சிலதுல கனெக்டே ஆகாது. ஆர்சி புக்கை ஒரு தடவை எடுத்துப் பாத்துருங்க.

மூணாவது, எனக்கு ரொம்ப முக்கியமா படறது, கண்டுபிடிக்கற கூலியும் மாத்தற கூலியும் தனித்தனியா கேக்க முடியுமா. கண்டுபிடிக்கறதுக்கு காசு வாங்காத இடத்துல அந்தக் காசு பார்ட்ஸ் மாத்தறதுலதான் வரும், அது யார் மேலயும் குத்தம் இல்ல, அந்தத் தொழில் அப்படித்தான் ஓடுது. நாலாவது தூரம். நம்ம பக்கம் எல்லா கம்பெனிக்கும் காரைக்குடியில சர்வீஸ் சென்டர் கிடையாது, மதுரையோ திருச்சியோ ஒரு வழிக்கே எண்பது தொண்ணூறு கிலோமீட்டர், டீசலும் ஒரு நாள் லீவும் கணக்குல வரணும். கடைசியா, கழட்டுன பார்ட்டை நம்ம கையில குடுத்து "இதுதான் போயிருந்துச்சு"ன்னு காட்டுவாங்களா.

## வழி 1: நாமே கண்ணால பாக்கறது

இதுக்கு வேணுங்கறது வண்டியோட மேனுவல், ஒரு மல்டிமீட்டர் (நான் வாங்குனது முந்நூத்தி ஐம்பது ரூபா), ஒரு டார்ச், அரை மணி நேரம்.

சாவியை ஆன் பொசிஷன்ல வச்சு, ஸ்டார்ட் பண்ணாம மீட்டர் போர்டை முழுசா பாருங்க. எல்லா லைட்டும் ஒரு தடவை எரியணும், ஸ்டார்ட் ஆனதும் ஒவ்வொண்ணா அணையணும். சாவி போட்டப்ப செக் இன்ஜின் லைட் எரியவே இல்லைன்னா அது நல்ல அறிகுறி இல்ல, பல்பு போயிருக்கலாம், இல்ல யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம், வயரை வெட்டியிருக்கலாம். செகண்ட் ஹேண்ட் வண்டி பாக்கப் போற எல்லார்கிட்டயும் இதைச் சொல்லிட்டே இருக்கேன்.

அடுத்து பேட்டரி. இன்ஜின் ஆஃப்ல, ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, 12.4ல இருந்து 12.7 வோல்ட் வரணும். இன்ஜின் ஓடும்போது 13.8ல இருந்து 14.5க்குள்ள நிக்கணும். நின்னுட்டே இருக்கற வண்டியில இந்த ஒரு அளவு பல சந்தேகத்தைத் தீர்த்துரும், ஏன்னா வோல்டேஜ் குறைஞ்சா ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கறது), பவர் ஸ்டியரிங், செக் இன்ஜின்னு சம்பந்தமே இல்லாத லைட்டெல்லாம் சேர்ந்து எரியும். நாலு லைட் ஒண்ணா எரியுதுன்னா நாலு பார்ட்ஸ் போயிருச்சுன்னு பயப்படாம முதல்ல பேட்டரி டெர்மினலைக் கழட்டி, வெள்ளை பூத்திருந்தா சுடுதண்ணி ஊத்திக் கழுவி, இறுக்கிப் பாருங்க.

பேட்டரி லைட்டும் டெம்பரேச்சரும் ஒண்ணா வந்தா பெல்ட். நெறைய வண்டியில ஒரே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் (பேட்டரியைச் சார்ஜ் பண்றது) வாட்டர் பம்பையும் சேர்த்து ஓட்டுது, அது அறுந்தா சார்ஜும் போகும், தண்ணி சுத்தறதும் நின்னுரும். பழைய டீசல் சிலதுல பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்பே ஆல்டர்னேட்டர் முதுகுலதான் உக்காந்திருக்கும், அதனால "பேட்டரி லைட்தானே, பகல்தானே, லைட் போடாம ஓட்டிட்டுப் போயிரலாம்"னு நினைச்சா பிரேக் கல்லு மாதிரி இறுகும்.

சிவப்பு பிரேக் லைட் எரிஞ்சா ஹேண்ட் பிரேக் முழுசா இறங்குச்சான்னு பாத்துட்டு பிரேக் ஆயில் லெவல். லெவல் இறங்கியிருந்தா ஊத்தி விட்டுட்டு மறந்துராதீங்க, பேட் தேய்ஞ்சாலும் லெவல் இறங்கும், லீக் இருந்தாலும் இறங்கும், ரெண்டுல எதுன்னு தெரியாம ஊத்தறது லைட்டை அணைக்கிற வேலைதான்.

டீசல் ஃபில்டர்ல தண்ணி லைட் வந்தா ஃபில்டருக்கு அடியில இருக்கற மூக்கைத் திருகி, ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிங்க. தண்ணி அடியில தெளிவா உக்காரும், டீசல் மேல மிதக்கும், கண்ணுக்கு நேரா கோடு போட்ட மாதிரி தெரியும். டீசல் மட்டும் வர்ற வரைக்கும் விட்டு, மூடி, கைப்பம்பை அமுக்கி ஏர் எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணணும். ஐப்பசி கார்த்திகை மழையில இந்த லைட்டை லேசா எடுத்துக்காதீங்க, காமன் ரெயில்ல ஆயிரம் பாருக்கு மேல பிரஷர், அதுல தண்ணி போனா நாசில் (டீசலை இன்ஜினுக்குள்ள பீச்சறது) போச்சு. அதே பிரஷருக்காகத்தான் இன்னொண்ணும் சொல்றேன், இன்ஜின் ஓடும்போது ரெயில்ல இருந்து நாசிலுக்குப் போற இரும்பு பைப்பை யாரும் தளர்த்திப் பாக்கக் கூடாது, பழைய பம்ப் வண்டியில மெக்கானிக் செஞ்சதைப் பாத்துட்டு இதுலயும் செய்யற ஆளுங்க இருக்காங்க, அந்த டீசல் தோலைக் கிழிச்சு உள்ள போகும்.

ஹீட்டர் லைட் (சுருள் மாதிரி இருக்கும், ஸ்டார்ட்டுக்கு முன்னாடி இன்ஜினைச் சூடாக்கற ஹீட்டர் பிளக்கோடது) பத்தி நம்ம ஊர்க்காரங்க ரொம்ப பயப்பட வேண்டாம். சித்திரை வெயில்ல காரைக்குடியில ஹீட்டர் பிளக் ஒண்ணு ரெண்டு செத்திருந்தாலும் வண்டி செல்ஃப் அடிச்சதும் எடுத்துரும். மார்கழி காலையில நடுங்கி வெள்ளைப் புகை விட்டு எடுத்தா அப்ப பாத்துக்கலாம். மல்டிமீட்டர்ல ஓம்ஸ்ல வச்சு ஒவ்வொரு பிளக்கா பாத்தா நல்லது ஒரு ஓம்ஸ் பக்கத்துல காட்டும், செத்தது ஒண்ணுமே காட்டாது. ஆனா சில வண்டியில ஓடும்போது இதே சுருள் லைட் மினுக்குனா அது ஹீட்டர் இல்ல, இன்ஜின் கம்ப்யூட்டர் புகார் சொல்றது, மேனுவல்ல அதைப் பாத்துக்கணும்.

இந்த வழியில மறைஞ்சிருக்கற செலவு ஒண்ணுதான், நமக்குத் தெரிஞ்சுருச்சுங்கற நினைப்பு. ஏர்பேக் லைட் எரிஞ்சா சீட்டுக்கு அடியில மஞ்சள் கனெக்டரை மல்டிமீட்டர் வச்சுக் குத்திப் பாக்காதீங்க, அதை மட்டும் விட்டுருங்க.

## வழி 2: ப்ளூடூத் ஸ்கேனரும் போன் ஆப்பும்

ஸ்டியரிங்குக்கு அடியில பதினாறு பின் சாக்கெட் இருக்கும், அதுல மாட்டற ஈஎல்எம் 327 அடாப்டர் ஐநூறுல இருந்து ரெண்டாயிரம் வரைக்கும் ஆன்லைன்ல கிடைக்குது. ஆப்ல கனெக்ட் பண்ணா கோடு வரும். பி-ல (P) ஆரம்பிச்சா இன்ஜின் கியர் பக்கம், சி-ன்னா (C) பிரேக் சஸ்பென்ஷன், இன்னொரு பி-ன்னா (B) பாடி பக்கம், யு-ன்னா (U) கம்ப்யூட்டருங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கற லைன்ல தகராறு.

டீசல் வண்டியில அடிக்கடி வர்ற கோடு சிலது: பி 0401னா ஈஜிஆர்ல (புகையில கொஞ்சத்தை திரும்ப இன்ஜினுக்குள்ள அனுப்பறது) புகை போதுமான அளவு ஓடலை, பி 0299னா டர்போ காத்து அழுத்தம் குறைவு, பி 0087னா ரெயில்ல டீசல் பிரஷர் குறைவு, பி 0380னா ஹீட்டர் பிளக் சர்க்யூட், பி 0335னா கிராங்க் சென்சார் சர்க்யூட்.

இங்கதான் என் கதை. திருமயம் தாண்டி வந்துட்டிருக்கும்போது செக் இன்ஜின் எரிஞ்சு, ஆக்சிலேட்டரை மிதிச்சா வண்டி ஏறவே மாட்டேங்குது, அறுபதுக்கு மேல போகலை. அப்ப எங்கிட்ட ஸ்கேனர் இல்ல. மறுநாள் வெளியூர்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன், அவங்க ஸ்கேன் பண்ணி பி 0299னு காட்டி, பூஸ்ட் சென்சார் மாத்தணும்னு மாத்துனாங்க, நாலாயிரத்தி எண்ணூறு. கோடை அழிச்சு லைட்டையும் அணைச்சுக் குடுத்தாங்க. மூணாம் நாள் குன்றக்குடி போற வழியில அதே லைட், அதே பிக்கப் இல்லாத நடை. திரும்பப் போனப்ப இப்ப டர்போவே மாத்தணும்னாங்க.

கோடுல பொய் இல்ல. அழுத்தம் குறைவுன்னு அது சொன்னது உண்மைதான். ஆனா ஏன் குறைவுன்னு அது சொல்லவே இல்ல, சொல்லவும் முடியாது. கோடுங்கறது புகார் மனு, எந்த சர்க்யூட் புகார் குடுத்துச்சுன்னு தெரியும், யார் குத்தவாளின்னு தேடறது தனி வேலை. பைப்புல ஓட்டை இருக்கலாம், ஹோஸ் கிளிப் லூஸா இருக்கலாம், வேக்குவம் குழாய் வெடிச்சிருக்கலாம், டர்போவும் போயிருக்கலாம், சென்சாரும் பொய் சொல்லலாம், அத்தனைக்கும் ஒரே கோடுதான். கோடைப் பாத்து நேரா பார்ட்ஸ் கடைக்குப் போறதுதான் இந்த வழியோட பெரிய மறைமுகச் செலவு.

இன்னும் சிலது இருக்கு. சீப் அடாப்டர் நெறைய இன்ஜின் கோடு மட்டும்தான் படிக்கும், ஏபிஎஸ், ஏர்பேக் லைட்டுக்கு அது வாயைத் திறக்காது, அந்த லைட்டுக்காக வாங்கறவங்க ஏமாந்து போவாங்க. வெர்ஷன் 2.1னு போட்டு வர்ற நகல் அடாப்டர் சிலது பழைய வண்டிகளோட கே-லைன்ல (அந்த வண்டிக் கம்ப்யூட்டரோட பேசற வயர்) பேசவே பேசாது, 1.5ன்னு போட்டதைக் கேட்டு வாங்குங்க, கனெக்ட் ஆகலைன்னா திருப்பற வசதி இருக்கான்னு பாத்துக்கங்க. அப்புறம் அந்த சாக்கெட்ல பதினாறாவது பின்னுக்கு சாவி இல்லாமலே கரண்ட் வரும், அடாப்டரை மாட்டுனபடியே விட்டுட்டு சென்னைக்கு பஸ் ஏறிட்டீங்கன்னா அடுத்த தடவை வரும்போது பேட்டரி செத்திருக்கும். ஆச்சி வீட்டு வண்டி மாதிரி நிக்கற வண்டிக்கு இது பெரிய விஷயம்.

ஆனாலும் வச்சிருக்கச் சொல்றேன். கோடை விட மதிப்பு அதுக்குள்ள இருக்கற ஃப்ரீஸ் ஃப்ரேம்க்கு, அதாவது லைட் எரிஞ்ச அந்த நொடியில வண்டி என்ன வேகம், எத்தனை ஆர்பிஎம், இன்ஜின் சூடு எவ்வளவுன்னு அது எடுத்து வச்ச குறிப்பு. மெக்கானிக்கிட்ட "மேடு ஏறும்போது ரெண்டாயிரத்தி ஐநூறு ஆர்பிஎம்ல வந்துச்சுண்ணே"ன்னு சொன்னா அவர் பாதி தூரம் வந்துருவார். அதனாலதான் கோடை அழிக்கறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ஷாட் எடுக்கச் சொல்றேன், அழிச்சா அந்தக் குறிப்பும் சேர்ந்து போயிரும். பேட்டரி வயரைக் கழட்டி மாட்டி லைட்டை அணைக்கிறவங்களும் இதைத்தான் அழிக்கிறாங்க.

## வழி 3: ஊர் மெக்கானிக், ஆட்டோ எலக்ட்ரீஷியன்

டர்போ மாத்தணும்னு சொன்ன அன்னைக்கு வண்டியை எடுத்துட்டு வந்து கோட்டையூர் பக்கம் ஒரு வேப்ப மரத்தடிப் பட்டறையில நிறுத்துனேன். அந்த அண்ணனுக்கு அம்பது வயசு இருக்கும். ஸ்கேனர் கிடையாது. கோடு நம்பரைச் சொன்னேன், கேட்டுக்கிட்டார், பானெட்டைத் திறந்து டர்போவுல இருந்து வர்ற ரப்பர் ஹோஸோட அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத பக்கம், விரலை வச்சு மெதுவா தடவிட்டே போனார். ஒரு இடத்துல நின்னுச்சு. விரலை வெளிய எடுத்துக் காட்டுனார், கருப்பு எண்ணெய்ப் பிசுக்கு. "காத்து போற பைப்புல வெளிய எண்ணெய் எதுக்கு வருது தம்பி?"ன்னார். என்னை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிட்டு சோப்புத் தண்ணியைத் தெளிச்சார், கிளிப்புக்கு ஒட்டுன மடிப்புல குமிழ் குமிழா கிளம்புச்சு. விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு, இன்ஜின் சும்மா நிக்கும்போது மூடிக்கும், காத்து அழுத்தம் ஏறுனா வாயைத் திறக்கும். ஹோஸ் ஆயிரத்தி நூறு, அவர் கூலி முந்நூறு. அதுக்கப்புறம் அந்தக் கோடு வரவே இல்ல.

இந்த வழியோட பலம் கை. லீக், சத்தம், பெல்ட், ஹோஸ், வேக்குவம், ஏர் எடுத்தது, புகையோட கலர், மெக்கானிக்கல் பம்ப் வண்டியோட எல்லாமும், இதுக்கெல்லாம் நான் வேற எங்கயும் போக மாட்டேன். ஆயில் லைட் சந்தேகத்துக்கும் இங்கதான், ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில கேஜ் மாட்டி உண்மையில பிரஷர் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, ஸ்விட்ச் சில நூறு ரூபா சாமான், அதோட பொய்யான்னு தெரியாம இன்ஜினை இறக்கக் கூடாது.

வயரிங், ஆல்டர்னேட்டர், ஹீட்டர் பிளக் ரிலே, எலி கடிச்ச வேலைக்கு மெக்கானிக்கை விட ஆட்டோ எலக்ட்ரீஷியன். ரெண்டு பேரையும் ஒண்ணா நினைச்சு, வயர் வேலையை இன்ஜின் மெக்கானிக்கிட்ட குடுத்து, அவர் வயரை முறுக்கி டேப் சுத்திக் குடுத்து, ஆறு மாசத்துல அந்த இடம் பச்சை பூத்து திரும்ப லைட் எரியறது நம்ம பக்கம் சாதாரணமா நடக்குது. சால்டர் வச்சு, ஹீட் ஸ்லீவ் போடச் சொல்லிக் கேளுங்க.

மறைமுகச் செலவுன்னா, பில் இருக்காது, நேரம் சொல்ல முடியாது, முகூர்த்த சீசன்ல உங்க வண்டி மரத்தடியிலயே நிக்கும். லைட்டை அணைச்சாப் போதும்னு பல்பைக் கழட்டற ஆளும் இருக்காங்க. அப்படி ஒருத்தர் சொன்னார்னா வண்டியை எடுத்துட்டு வந்துருங்க.

## வழி 4: ஸ்கேனர் வச்சிருக்கற ஒர்க்‌ஷாப், டீசல் பம்ப் கடை

எல்லா கம்பெனி வண்டியும் பாக்கற பெரிய ஒர்க்‌ஷாப்ல இருக்கற ஸ்கேனர் நம்ம ப்ளூடூத் சாமான் மாதிரி இல்ல, ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் படிக்கும், ஒவ்வொரு நாசிலும் எவ்வளவு டீசல் கூட்டிக் குறைச்சு விடுதுன்னு லைவ்வா காட்டும், ஈஜிஆர் வால்வைத் திறந்து மூடிப் பாக்கும். ஸ்கேன் பண்ண ஐநூறுல இருந்து ஆயிரம் வரைக்கும் நான் குடுத்திருக்கேன். ஏபிஎஸ் லைட்டுக்கு இதுதான் சரியான இடம், எந்த வீல் சென்சார்னு நேரா சொல்லிரும். செம்மண் ரோட்டுல ஓடற வண்டியில சென்சார் மூஞ்சியில மண்ணு அப்பியிருந்தாலே அந்த லைட் வரும், சுத்தம் பண்ணிப் பாக்காம மாத்தாதீங்க. ஏபிஎஸ் லைட் மட்டும் எரிஞ்சா சாதா பிரேக் வேலை செய்யும், அதோட சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிஞ்சா ஓட்டாதீங்க.

பி 0087 மாதிரி பிரஷர் கோடு வந்து, ஃபில்டர் மாத்தியும் போகலைன்னா டீசல் பம்ப் கடைதான். நாசிலைக் கழட்டி டெஸ்ட் பெஞ்சுல வச்சு அளந்து சொல்லுவாங்க. நாலு நாசிலையும் கண்ணை மூடிட்டு மாத்தறதுக்கு முன்னாடி அந்த ரிப்போர்ட்டை கேட்டு வாங்குங்க.

எனக்குக் காசு போனதும் இந்த வகை இடத்துலதான், அதையும் சொல்லணும். மிஷின் நல்ல மிஷின், அதுல வந்த எழுத்தைப் படிச்சதோட வேலை முடிஞ்சதுன்னு நினைச்சதுதான் தப்பு. "ஸ்கேனுக்கு தனியா காசு தர்றேன், என்ன டெஸ்ட் பண்ணி இந்த பார்ட்தான்னு முடிவு பண்ணீங்கன்னு காட்டுங்க"ன்னு முன்னாடியே பேசிக்கங்க. நல்ல ஆளுங்க இதுக்கு கோவிச்சுக்க மாட்டாங்க.

## வழி 5: கம்பெனி சர்வீஸ் சென்டர்

சாவி இம்மொபிலைசர் (வேற சாவி போட்டா வண்டி ஸ்டார்ட் ஆகாம தடுக்கறது) லைட், ஏர்பேக், இன்ஜின் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர், இந்த மூணுக்கும் யோசிக்காம இங்க போங்க. மத்ததுக்கு யோசிக்கணும். பதினஞ்சு வருஷ வண்டியில முழு அசெம்ப்ளியா மாத்தறதுதான் அவங்க வழக்கம், ஈஜிஆர்ல கரி பிடிச்சிருந்தா வெளிய கழுவி மாட்டுவாங்க, இங்க புது வால்வுக்கு எஸ்டிமேட் வரும். பில் இருக்கும், மாத்துனதுக்கு வாரண்டி இருக்கும், அது பெரிய பலம்.

ஷெவர்லே 2017 கடைசியில இந்தியாவுல விக்கறதை நிறுத்துனது, ஃபோர்டு 2021 செப்டம்பர்ல உற்பத்தியை நிறுத்தறதா சொன்னது எல்லாருக்கும் தெரியும். டவேரா, பீட், ஃபிகோ டீசல் வச்சிருக்கறவங்களுக்கு இந்த வழி சுருங்கிருச்சு, நாலாவது வழியில ஒரு நல்ல ஆளை லைட் எரியறதுக்கு முன்னாடியே தேடி வச்சுக்கங்க.

## பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா

| வழி | கண்டுபிடிக்க ஆகற செலவு | நேரம் | எந்த லைட்டுக்கு | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| நாமே | மல்டிமீட்டர், ஒரு தடவைதான் | அரை மணி | பேட்டரி, பிரேக் ஆயில், டீசல்ல தண்ணி | ஏர்பேக்கைத் தொடக் கூடாது |
| ப்ளூடூத் ஸ்கேனர் | 500 – 2,000 ரூபா | பத்து நிமிஷம் | செக் இன்ஜின் மட்டும் | கோடைப் பாத்து பார்ட்ஸ் வாங்கறது, பேட்டரி இறங்கறது |
| ஊர் மெக்கானிக், எலக்ட்ரீஷியன் | 200 – 500 ரூபா | சொல்ல முடியாது | ஆயில், டெம்பரேச்சர், சார்ஜ், பிக்கப், வயர் | பில் இல்ல, டேப் ஒட்டு |
| ஸ்கேனர் ஒர்க்‌ஷாப், பம்ப் கடை | 500 – 1,000, பெஞ்ச் டெஸ்ட் தனி | அரை நாள், ஒரு நாள் | ஏபிஎஸ், விடாம வர்ற செக் இன்ஜின், நாசில் | டெஸ்ட் பண்ணாம மாத்தறது |
| கம்பெனி | கூடுதல் | ஒண்ணு ரெண்டு நாள், தூரம் | ஏர்பேக், இம்மொபிலைசர், சாஃப்ட்வேர் | முழு அசெம்ப்ளி எஸ்டிமேட் |

ரூபாய் கணக்கு நான் இந்தப் பக்கம் குடுத்த அளவு, ஊருக்கு ஊர் மாறும்.

## நின்னுட்டே இருக்கற வண்டிக்கு

தினம் ஓடற வண்டிக்கும் செட்டுல தூங்கற வண்டிக்கும் ஒரே லைட் ஒரே அர்த்தம் தராது. தினம் ஓடற வண்டியில செக் இன்ஜின் எரிஞ்சா நான் இரண்டாவது வழியில ஆரம்பிச்சு மூணாவதுக்குப் போவேன். நின்ன வண்டியில எரிஞ்சா முதல் சந்தேகம் பேட்டரி, அடுத்தது எலி, மூணாவது டீசல்ல தண்ணி. இந்த மூணுக்கும் ஸ்கேனர் தேவையே இல்ல. நம்ம பக்கம் இப்படி பூட்டுன வீட்டுல நிக்கற வண்டி எத்தனையோ இருக்கு, அவங்கெல்லாம் லீவுல வந்து ரெண்டு நாள்ல திரும்பணும்ங்கற அவசரத்துல நேரா பெரிய இடத்துக்கு ஓடறதைப் பாத்தா மனசுக்கு கஷ்டமா இருக்கு.

ஆச்சி வீட்டு இன்னோவாவுல எரிஞ்சது செக் இன்ஜினும் ஏபிஎஸ்ஸும். பேட்டரி 11.8 காட்டுச்சு. சார்ஜ் போட்டு ஏத்துனதும் ஏபிஎஸ் அணைஞ்சுருச்சு, செக் இன்ஜின் அணையலை. ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழட்டுனா அதுக்குப் பின்னால பானெட் பஞ்சைக் கிழிச்சுக் கட்டுன கூடு, உள்ள வேப்பங்கொட்டை, பக்கத்துல வயர் கட்டுல ரெண்டு வயர் செம்பு தெரியற அளவுக்கு நறுக்கியிருந்துச்சு. காரைக்குடியில இருந்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தோம், திண்ணை ஓரத்துல உக்காந்து சால்டர் வச்சு, ஸ்லீவ் போட்டு, மேல கருப்பு டியூப் ஏத்திக் குடுத்தார். அவர் கூலி, பெட்ரோல் எல்லாம் சேர்த்து தொள்ளாயிரம்.

இப்ப செட்டுல வண்டி நிக்கும்போது பானெட்டைத் திறந்தே வைக்கிறாங்க, இருட்டு இல்லைன்னா எலி கூடு கட்டறது குறையுது. ஆச்சி பழைய வழக்கப்படி புகையிலையை ஒரு துணியில முடிஞ்சு இன்ஜின் ஓரம் கட்டி வச்சிருக்காங்க. பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டி வைக்க டிரைவருக்கு சொல்லிக் குடுத்திருக்கேன், மாசம் ஒரு தடவை அதை மாட்டி பிள்ளையார்பட்டி வரைக்கும் ஓட்டிட்டு வந்து நிறுத்தறார்.